காதை மூடிய குல்லா

திருவனந்தபுரத்தில் உல்லன் நூலை யார் வாங்குகிறார்கள் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் ஜெஸ்லினுக்குச் சிரிப்புதான் வரும். சாலைக் கடைத்தெருவில் அவள் வேலை பார்க்கும் கடையில் லேஸ், பொத்தான், ஜிப், எம்பிராய்டரி நூல் போக, பின்சுவர் முழுக்க உல்லன் பந்துகள்தான். மூணாறு போகிறவர்கள் வாங்குவார்கள். பேரப்பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்காரர்கள் வாங்குவார்கள். ஆபீசில் நேராக ஏசிக்குக் கீழே இருக்கை கிடைத்துவிட்ட பெண்கள் தோளில் போட ஷால் பின்ன வாங்குவார்கள். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் பாதிப் பின்னலோடு திரும்பி வருவார்கள். ஒரு கண்ணி கழன்று கீழே வரைக்கும் ஓடியிருக்கும். அல்லது ஓரம் இழுத்துக்கொண்டு நான்கு மூலையும் நான்கு விதமாக நிற்கும்.

அப்படி வந்தவர்களின் சிக்கலைப் பிரித்துப் பிரித்தே ஜெஸ்லின் பின்னக் கற்றுக்கொண்டாள். புரியாததைக் கைப்பேசியில் வீடியோ போட்டுப் பார்ப்பாள். இந்தியில் பேசினாலும் கைகள் ஓடுவதைப் பார்த்தால் போதும்.

அவள் கணவன் ஜெபசிங்குக்கு பாப்பனங்கோட்டில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்க்கிடங்கில் வேலை. லாரியில் வருகிற பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும்; ஆர்டர் வந்தால் எடுத்து வெளியே தர வேண்டும். உள்ளே எந்நேரமும் உறைகிற குளிர், வெளியே லாரி நிற்கும் இடத்தில் கொதிக்கிற வெயில். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இரண்டுக்கும் நடுவே போய்வர வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்து, மணக்காட்டில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள்.

கம்பெனி கொடுத்த கோட்டில் தலையை மூடும் தொப்பி இருந்தது. ஆனால் பெட்டியைத் தூக்கக் குனிந்தால் அது பின்னால் விழுந்துவிடும். ஜெபசிங் துண்டைக் காதோடு சுற்றிக் கட்டிப் பார்த்தான். துண்டு நனைந்து, நனைந்தது விறைத்து, காதை அறுத்தது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து காதுவலி அவனை விடவில்லை. சொட்டு மருந்து எழுதித் தந்த டாக்டர், "காதை மூடாமல் அந்த ரூமுக்குள் போகாதே" என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

"அதுக்கென்ன, நான் பின்னித் தாறேன்" என்றாள் ஜெஸ்லின்.

முதல் குல்லா அவ்வளவு சரியாக வரவில்லை. கடையில் கைக்குக் கிடைத்த அக்ரிலிக் நூலில், ஒரு நிட் ஒரு பர்ல் என்று கண்ணியை நேரும் மறுபுறமுமாக மாற்றி மாற்றிச் சாதாரணமாகப் பின்னினாள். பார்க்க அழகாக இருந்தது. ஜெபசிங் அதைப் போட்டுக்கொண்டு போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து, "காத்து உள்ள ஏறுது பிள்ளே" என்றான். "கொசுவலை மாதிரி இருக்கு."

கொசுவலை என்று சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த குல்லாவுக்கு நல்ல கம்பளி நூலாகப் பார்த்து எடுத்தாள். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று டேப் வைத்துப் பார்த்தாள். ஊசியை ஒரு அளவு சின்னதாக்கினாள். இரண்டு நூலை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கண்ணிக்குக் கண்ணி இறுக்கிப் பின்னினாள். காதுப் பக்கத்தில் இரண்டு அடுக்கு வைத்து, நடுவில் ஃபிளானல் துணியை வெட்டித் தைத்தாள். தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் பின்னிய நாடா விட்டாள். எல்லாம் முடிந்ததும் காதுப் பகுதியை வாயருகே வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கையில் ஒரு பொட்டுக் காற்று படவில்லை.

"இப்ப எப்படி?" என்று மறுநாள் கேட்டாள்.

"காது இருக்கதே தெரியல்ல" என்றான் ஜெபசிங்.

ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா. கிடங்கில் கூட வேலை செய்பவர்கள் முதல்நாள் அவனைப் பார்த்து, "என்னடே, காஷ்மீருக்குப் போறியா?" என்று கேலி செய்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களே, தனக்கும் ஒன்று, தனக்கும் ஒன்று என்று வந்தார்கள். முதலில் கேட்டவன் ஷிபு. அவன் ஜெபசிங்கோடு சேர்ந்தாற்போல் வேலைக்குச் சேர்ந்தவன், பாறசாலைக்காரன். மேற்பார்வை பார்க்கும் அஜீஷ்கூடக் கேட்டான். அவன் மலையாளி, நெய்யாற்றின்கரைப் பக்கம். இவர்களோடு பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து பேசுவான். ஜெஸ்லின் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினாள். நூல் நம் கடையிலிருந்துதானே போகிறது என்று முதலாளியும் கண்டுகொள்ளவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் அது நடந்தது.

ஓணம் என்றால் ஐஸ்கிரீம் கம்பெனிக்கு ஓய்வே கிடையாது. பெரிய டப்பாக்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. அன்று மத்தியானம் ஜெபசிங் கிடங்கின் கடைசி வரிசையில், சரிந்து நின்ற பெட்டிகளை இறக்கித் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் லாரி வேலை முடிந்தது. அஜீஷ் கதவருகே நின்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். பதில் வரவில்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று நினைத்து, விளக்கை அணைத்துக் கதவை இழுத்து மூடிவிட்டுப் போனான். விளக்கின் சுவிட்ச் வெளிப்பக்கம். கதவை உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு; தள்ளினால் திறந்துகொள்ள வேண்டும். அது பல மாதமாக இறுகிப்போய்க் கிடந்தது.

இருட்டில் தடவித் தடவிக் கதவுக்கு வந்த ஜெபசிங் குமிழைத் தள்ளினான், தோளால் மோதினான், பெட்டியைத் தூக்கி இடித்தான். கைப்பேசி குளிரில் கெட்டுவிடும் என்று வெளியே வைத்துவிட்டு வருவதுதான் அங்கே வழக்கம். கதவோ ஒரு சாண் கனம். சாப்பிட்டுவிட்டு வந்த ஷிபு ஏதோ ஒரு ஆர்டருக்காகக் கதவைத் திறந்தபோது, உள்ளே ஜெபசிங் பெட்டிகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நின்றால் விறைத்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஷிபு போன் செய்தபோது ஜெஸ்லின் ஒரு அம்மாவுக்கு நீலத்தில் இரண்டு நிறம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டையும் கல்லாவில் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கடைவாசலிலேயே ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஜெபசிங் இரண்டு கம்பளிப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தான். கைவிரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன.

"சாகல்ல பிள்ளே. எதுக்கு இப்படி ஓடி வாற?" என்றான். பல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"விரல் போயிருமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். போகாது, கொஞ்ச நாள் மரத்திருக்கும், கொப்புளம் வரலாம் என்றார் டாக்டர். கால்விரல்களையும் பார்த்தார். காதைப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார்.

வெளியே வராந்தாவில் அஜீஷ் நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது. அவளைக் கண்டதும் கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"சேச்சி, நான் விளிச்சேன். கதவடைக்கும் முன்ன ரெண்டு தவணை விளிச்சேன். 'ஆருண்டு உள்ளே'ண்ணு. ஒரு மிண்டாட்டமும் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. பின்னயாக்கும் அடச்சது. அந்தத் தொப்பி இல்லேங்கில் அவனுக்குக் கேட்டிருக்கும். மேனேஜரும் அதத்தான் பறஞ்சாரு. இனி வீட்டுல பின்னின தொப்பி ஒண்ணும் வேண்டாண்ணு."

ஜெஸ்லினுக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் அஜீஷ் சொன்னதுதான் காதில் இருந்தது. ஊசியைச் சின்னதாக்கியது யார்? இரண்டு நூல் சேர்த்தது யார்? ஊதிப் பார்த்துப் பெருமைப்பட்டது யார்? கொசுவலை என்று சொன்ன ரோஷத்தில் சுவர் எழுப்பியிருக்கிறோம். ஊசியில் பாதி ஏறியிருந்த ஒரு குல்லா பையில் கிடந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ எதுக்கு அழுற?" என்றான் ஜெபசிங், சோற்றை ஸ்பூனால் எடுத்துக்கொண்டே. விரல் மடங்கவில்லை.

"எனக்க தொப்பிதானே."

"தொப்பி இல்லேண்ணா காது போயிருக்கும். டாக்டர் சொன்னத நீயும் கேட்டல்லா?"

"தொப்பி இல்லேண்ணா நீங்க உள்ள மாட்டியிருக்கவே மாட்டீங்க."

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "சவத்த விடு, சோறு போடு" என்றான்.

இரண்டு நாள் கழித்து, கிடங்கில் விட்டுவந்த அவனுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் சட்டையையும் எடுத்து வர ஜெஸ்லின் போனாள். முதலாளியிடம் மத்தியானம் சொல்லிவிட்டுக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாள். பைக்குள் அன்று ஜெபசிங் போட்டிருந்த குல்லாவும் இருந்தது. ஏன் எடுத்து வைத்தோம் என்று அவளுக்கே தெளிவில்லை.

கிடங்கு வாசலில் ஒரு லாரி சரக்கோடு நின்றிருந்தது. ஷிபுவும் இன்னும் இரண்டு பேரும் இறக்கத் தயாராக இருந்தார்கள். எல்லார் தலையிலும் துண்டு. அஜீஷ் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தான். ஆளைப் பற்றி விசாரித்தான். தனக்குத் தூக்கமே இல்லை என்று சொன்னான்.

"நான் உள்ள ஒருக்கப் போய்ப் பாக்கணும்" என்றாள் ஜெஸ்லின்.

"அய்யோ சேச்சி, வெளி ஆளுகள உள்ளே விடப்பாடில்ல."

"ஒரு நிமிஷம். ஷிபு கதவப் பிடிச்சுக்கிடட்டும்."

ஷிபு முன்னால் வந்து கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றான். தன் கோட்டைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். ஜெஸ்லின் கோட்டைப் போட்டுக்கொண்டு, குல்லாவை மாட்டி நாடாவைக் கட்டி, ஜெபசிங் நின்ற கடைசி வரிசைக்குப் போனாள். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை நின்றது. மேலே குளிர்க்காற்று அடிக்கும் பெரிய விசிறிகளின் இரைச்சல் தூரத்தில் எங்கோ ஓடுவதுபோல் கேட்டது. பெட்டிகளைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடும்படி அஜீஷிடம் சொல்லியிருந்தாள்.

நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நிற்பது? நாடாவை அவிழ்த்துக் குல்லாவைக் கழற்றினாள். குளிர் காதில் கத்திபோல் இறங்கியது. விசிறியின் இரைச்சல் பக்கத்தில் வந்தது. அதற்கு மேலாக, "சேச்சீ! ஆருண்டு உள்ளே! சேச்சீ!" என்று அஜீஷ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. எப்போதிருந்து கத்துகிறானோ.

திரும்பிக் கதவுக்கு வந்தாள். பற்கள் தந்தியடித்தன. வெளியே போகாமல், கதவின் உள்பக்கத்தில் இருந்த குமிழில் கை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். ஷிபு எட்டிப் பார்த்தான், அஜீஷும் பார்த்தான். கோட்டுத் தோளை வைத்து முழு பலத்தோடு தள்ளினாள். ஒரு நூல்கூட நகரவில்லை.

"இது எப்பருந்து இப்படி?"

அஜீஷ் தரையைப் பார்த்தான். "விஷு முதல்."

விஷு சித்திரையில். இப்போது ஆவணி.

"நீங்க கூப்பிட்டது நெசம் அஜீஷ். கேக்காததும் நெசம். தொப்பி எனக்க தப்பு, அத நான் சரியாக்குவேன். இது ஆருக்க தப்பு?"

"நான் மேனேஜர்கிட்ட பறஞ்சேன் சேச்சி. ரெண்டு மூணு தவணை பறஞ்சேன். சாமானம் வரணும் வரணும்ணு சொல்லிச் சொல்லி..." அவன் குரல் இறங்கியது. "உள்ளே ஒருக்கக் கேறிப் பாத்திருக்கணும். அது நான் செய்யல்ல. அதும் உண்டு."

அடுத்து ஷிபுதான் பேசினான். கதவை விடாமல் நின்றபடியே, "இது நேராகாம நான் உள்ள ஏறமாட்டேன்" என்றான். மற்ற இருவரும் கையில் இருந்த பெட்டிகளை லாரியிலேயே திரும்ப வைத்தார்கள். லாரி டிரைவர், சரக்கு உருகினால் நான் பொறுப்பில்லை என்று சத்தம் போட்டான்.

அஜீஷ் லாரியைப் பார்த்தான், ஜெஸ்லினைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்து அங்கேயே, எல்லார் முன்னாலும் மேனேஜரைக் கூப்பிட்டான். என்ன பேசினான் என்பது பாதிதான் அவளுக்குப் புரிந்தது. "இப்ப வரணும் சார், இப்ப" என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. சித்திரையிலிருந்து வராத சாமான் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தது. மெக்கானிக் குமிழை மாற்றினான். உள்ளே அமுக்கினால் வெளியே அடிக்கிற மணி ஒன்றும் வைத்தான். விளக்கின் சுவிட்சை உள்ளேயும் ஒன்று போடச் சொல்லி அஜீஷ் அடம்பிடித்தானாம். ஷிபு இதையெல்லாம் ராத்திரி போனில் சொன்னான்.

கதவு சரியாகிவிட்டது. குல்லா சரியாகவில்லை.

ஜெஸ்லின் பாதியில் கிடந்ததை உருவிப் பந்தாக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். தலைப் பகுதியை அப்படியே இறுக்கமாக வைத்துக்கொண்டாள். காதுப் பகுதிதான் கேள்வி. ஒரு அடுக்கு மட்டும் வைத்துப் பின்னி, ஜெபசிங்கின் தலையில் மாட்டி, அவனை முன்னறையில் உட்காரவைத்தாள். சமையலறையில் மிக்ஸியை வெறும் ஜாரோடு ஓடவிட்டாள், விசிறி இரைச்சலுக்குப் பதிலாக. பிறகு தெருக்கோடியில் குழாயடி வரை நடந்துபோய், "அத்தான்!" என்று கத்தினாள்.

அவன் வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன சேச்சி, பிணக்கா?" என்று கேட்டது அங்கே குடியிருக்கும் ஷிஜா.

"இல்ல, தொப்பி பாக்கோம்" என்றாள் ஜெஸ்லின். ஷிஜாவுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

ஊசியைப் பெரிதாக்கி, கண்ணியைத் தளர்த்திப் பின்னினாள். அதில் கேட்டது. ஆனால் ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே நீட்டச் சொன்னபோது, "பழையபடி கொசுவலை" என்றான் ஜெபசிங். அவன் விடுப்பில் வீட்டில் இருந்ததால் சோதனைக்கு ஆள் கிடைத்தது. விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டிருந்ததால் நூல் பந்தைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அவள் இழுக்க இழுக்க அது உருளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறுக்கிப் பிடிச்சுக் காதோட ஒட்டுதுல்லா, அதான் கேக்கல்ல" என்று ஒருநாள் அவனே சொன்னான். "கைய இப்படிக் குவிச்சுக் காதுல வச்சா கேக்குது. அமுக்கி வச்சா கேக்கல்ல. பாரு."

அவள் கையைக் குவித்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

காதுப் பகுதியைத் தட்டையாக விடாமல், நடுவில் ஒவ்வொரு வரிசைக்கும் கண்ணி கூட்டிக்கொண்டே போய், பிறகு அதே போலக் குறைத்துக்கொண்டே வந்தாள். காதின் மேல் படாமல் ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வந்தது. கிண்ணத்துக்கு ஒற்றை அடுக்கு, ஃபிளானல் கிடையாது. அதைச் சுற்றி மட்டும் இறுக்கமான பட்டை, காற்று ஓரத்தில் நுழையாதபடி. முதல் தடவை கிண்ணம் காதுக்குக் கீழே இறங்கிக் கன்னத்தில் நின்றது. இரண்டாம் தடவை இடத்தில் வந்தது. போட்டுக்கொண்டு பார்த்தால் அழகு சொல்லும்படி இல்லை. இரண்டு பக்கமும் வீங்கிப்போய், பொன்னுக்குவீங்கி வந்த பிள்ளை மாதிரி இருந்தான்.

மிக்ஸியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"ஓ!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கேக்குது! மிக்ஸிய நிறுத்து, புகையுது!"

ஓணம் கழிந்த மறுவாரம் ஜெபசிங் வேலைக்குப் போனான். அதற்கு முந்தின நாள் அஜீஷ் நேந்திரங்காய் உப்பேரி வறுவல் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போயிருந்தான். வீட்டில் பின்னிய தொப்பி வேண்டாம் என்று மேனேஜர் சொன்னாரே என்று ஜெஸ்லின் கேட்டதற்கு, "இது வேற தொப்பியல்லா, நான் பறஞ்சுக்கிடுதேன்" என்றான். கதவை அடைக்கும் முன் இப்போது தான் உள்ளே கடைசி வரிசை வரை நடந்து பார்ப்பதாகவும் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவளை நேராகப் பார்த்தான்.

ஜெபசிங் வேலைக்குப் போன அன்று கடையில் ஜெஸ்லினுக்குக் கை ஓடவில்லை. ஒரு பெண் குழந்தைச் சாக்ஸுக்கு ஊசி கேட்டாள். இவள் கொக்கி எடுத்துக் கொடுத்தாள். போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஜெபசிங்கின் பெயர் திரையில் வந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல. சாப்பிட வெளிய வந்தேன். அஜீஷ் இன்னைக்கு நூறு தவணை பேரச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. ஓ, ஓண்ணு சொல்லித் தொண்ட போச்சு."

"கேக்குதுல்லா?"

"நல்லாக் கேக்குது. காதுதான் கொஞ்சம் குளிருது."

"ரெம்பவா?"

"ரெம்ப இல்ல. கொஞ்சம்."

"வலிக்கா?"

"வலி ஒண்ணும் இல்ல பிள்ளே. குளிருதுண்ணுதான் சொன்னேன்."

ஜெஸ்லின் கல்லா மேசையில் சாய்ந்து நின்றாள்.

"குளிரட்டும்" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."